உங்க பிள்ளை சாம்பியன் ஆவானா? ஒரு நாடே நடத்திப் பார்த்த சோதனை

1/
"டாக்டர், இவன் ஸ்போர்ட்ஸ்ல பெரிய ஆளா வருவானான்னு இப்பவே பார்த்துச் சொல்ற டெஸ்ட் ஏதாவது இருக்கா?"

7 வயசு, 9 வயசுப் பிள்ளைகளின் பெற்றோர் ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. தப்பான கேள்வி இல்லை. ஆனால் இதே கேள்விக்கு ஒரு நாட்டின் அரசாங்கமே 17 வருஷம் விடை தேடியிருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நம்ம முடிவை எடுப்பது சுலபம். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையாகப் படிங்க.

2/
அந்த நாடு கிழக்கு ஜெர்மனி. 1949-ல் உருவானது, 1990 அக்டோபர் 3-ல் மேற்கு ஜெர்மனியோடு இணைந்து மறைந்துபோனது. மக்கள்தொகை சுமார் 1 கோடியே 70 லட்சம்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பல நாடுகள் இதை ஒரு தனி நாடாகவே அங்கீகரிக்கவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தனி அணியாகக் கலந்துகொண்டாலும் சொந்தக் கொடி, சொந்த நாட்டுப்பண் கிடையாது. 1972 மியூனிக்கில்தான் முதல்முறையாகத் தன் கொடியோடு கோடைக்கால ஒலிம்பிக்கில் நடந்தது.

"எங்களை மதிங்க" என்று உலகத்திடம் கேட்க அவர்கள் தேர்ந்தெடுத்த வழி விளையாட்டு.

3/
எப்படி ஜெயித்தார்கள் என்று பாருங்கள்.

1968: 9 தங்கம்
1972: 20 தங்கம்
1976 மாண்ட்ரியல்: 40 தங்கம். அமெரிக்காவுக்கு 34தான்.
1988 சியோல்: 37 தங்கம். அமெரிக்காவுக்கு 36. சோவியத் யூனியனுக்கு அடுத்து இரண்டாம் இடம்.

இன்னொன்று. 1972-ல் பெண்கள் நீச்சலில் இவர்களுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. நான்கே வருஷத்தில், 1976-ல், அதே பெண்கள் நீச்சலில் 13 தங்கத்தில் 11 இவர்களுடையது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4/
வெளியே சொல்லப்பட்ட ரகசியம் என்ன? "நாங்க திறமையைச் சின்ன வயசுலேயே கண்டுபிடிக்கிறோம்."

பாதி உண்மை. 1973-ல் நாடு முழுக்க ஒரே மாதிரியான தேர்வுமுறை கொண்டுவந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் குறிப்பிட்ட வகுப்புகளில் வரிசையாக அளந்தார்கள். உயரம், எடை, ஓட்டம், தாண்டுதல், எறிதல் என எல்லாம் பதிவாகும். எண்களை வைத்து, இந்தப் பிள்ளை நீச்சலுக்கு, அந்தப் பிள்ளை படகுக்கு என்று பிரிப்பார்கள்.

5/
தேறியவர்கள் முதலில் பயிற்சி மையத்துக்குப் போவார்கள். அங்கே வடிகட்டி, சிறுவர் விளையாட்டுப் பள்ளிக்கு. முதல் பள்ளிகள் 1952-லேயே தொடங்கிவிட்டன. பெரும்பாலும் விடுதிதான். பாட நேரமே பயிற்சிக்கு ஏற்றபடி மாறும். அங்கேயும் வருஷாவருஷம் வடிகட்டல். எதிர்பார்த்த அளவு முன்னேறாத பிள்ளை சாதாரணப் பள்ளிக்குத் திரும்ப வேண்டியதுதான். கடைசியில் மிஞ்சுகிறவர்கள் பெரிய கிளப்புகளுக்கு.

நாம் டிவியில் பார்த்தது அந்தக் கடைசிப் படியில் நின்றவர்களை மட்டும். நடுவில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை யாரும் படம் எடுக்கவில்லை.

6/
எந்த விளையாட்டுக்குத் தேடினார்கள் என்பதும் முக்கியம். 1969-ல் ஒரு முடிவு எடுத்தார்கள். கூடைப்பந்து, ஹாக்கி, டென்னிஸ், வாட்டர் போலோ போன்றவற்றுக்கு உயர்மட்ட நிதியை நிறுத்தினார்கள்.

காரணம் எளிய கணக்கு. கூடைப்பந்தில் 12 பேரைப் பல வருஷம் வளர்த்தால் ஒரே ஒரு பதக்கம். ஒரு நல்ல நீச்சல் வீராங்கனை தனியாளாகவே மூன்று நான்கு பதக்கம் கொண்டுவருவார்.

கூடைப்பந்தை நேசித்த பிள்ளையின் ஆசை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. "இந்தப் பிள்ளைக்கு எது நல்லது?" என்று அந்த அமைப்பு கேட்கவே இல்லை. "இந்தப் பிள்ளையால் நமக்கு என்ன கிடைக்கும்?" என்றுதான் கேட்டது.

7/
இனி அந்த 11 தங்கத்துக்கு வருவோம்.

1974-ல் ஊக்கமருந்து கொடுப்பது "அரசுத் திட்டம் 14.25" என்ற பெயரில் முறைப்படுத்தப்பட்டது. முக்கிய மருந்து ஓரல் டுரினபால். ஆண் ஹார்மோன் போலச் செயல்படும் அனபாலிக் ஸ்டீராய்டு. யெனாஃபார்ம் என்ற அரசு மருந்து நிறுவனம் தயாரித்தது. நீல நிறச் சின்ன மாத்திரை. 18 வயது ஆகாத பெண் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அவர்களிடம் "வைட்டமின்" என்றார்கள்.

சுமார் 10,000 விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கப்பட்டது என்பது மதிப்பீடு.

8/
வளரும் ஒரு பெண் பிள்ளைக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் என்ன ஆகும்? குரல் தடிக்கும், அது பழைய நிலைக்குத் திரும்பாது. முகத்தில் முடி வளரும். மாதவிடாய் குழம்பும். கல்லீரல் கெடும். எலும்பின் வளர்ச்சித் தட்டு சீக்கிரம் மூடிக்கொண்டால் உயரமும் நிற்கும்.

இதையெல்லாம் செய்தவர்களில் பலர் டாக்டர்கள். பக்கவிளைவுகளைக் குறிப்பெடுத்து, கோப்பில் போட்டு, அடுத்த டோஸ் கொடுத்தார்கள். ஒரு டாக்டராக இதைத் தட்டச்சு செய்யவே கை கூசுகிறது.

9/
எப்படி வெளியே வந்தது? ஹைடெல்பெர்க் உயிரியலாளர் வெர்னர் ஃபிராங்கேயும், அவர் மனைவியும் முன்னாள் வட்டு எறிதல் வீராங்கனையுமான பிரிகிட்டே பெரெண்டோங்க்கும் ரகசிய ஆவணங்களைத் தேடி எடுத்து வெளியிட்டார்கள்.

2000-ல் பெர்லின் நீதிமன்றம், விளையாட்டு அமைப்பின் தலைவராக இருந்த மான்ஃப்ரெட் எவால்டுக்கு 22 மாதமும், மருத்துவர் மான்ஃப்ரெட் ஹெப்னருக்கு 18 மாதமும் தண்டனை விதித்தது. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. சிறைக்குப் போகவில்லை. பாதிக்கப்பட்ட பெண்களில் சிலருடைய உடல் இன்றும் பழையபடி இல்லை.

10/
"சரி டாக்டர், மருந்து தப்பு. ஆனா அந்தத் தேர்வுமுறை நல்லதுதானே?"

இங்கேதான் சிக்கல். ஒரு நோயாளிக்கு ஒரே நாளில் மூன்று மருந்து கொடுத்து, காய்ச்சல் விட்டால், எது வேலை செய்தது என்று சொல்ல முடியுமா? கிழக்கு ஜெர்மனியிலும் அதே கதை. தேர்வு, தீவிரப் பயிற்சி, கொட்டிய பணம், ஸ்டீராய்டு எல்லாம் ஒன்றாகவே நடந்தன. தேர்வுமுறை மட்டும் எவ்வளவு சாதித்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் "சின்ன வயசுலேயே கண்டுபிடிக்கலாம்" என்ற நம்பிக்கை மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

11/
ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஸ்க்ரீனிங் டெஸ்ட் எதைப் பார்த்தாலும் டாக்டர்கள் போடுகிற கணக்குதான்.

10,000 பிள்ளைகள். அவர்களில் 10 பேர் மட்டும் எதிர்கால சாம்பியன்கள். நம்மிடம் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் அற்புதமான டெஸ்ட் இருக்கிறது. (நிஜத்தில் அப்படி ஒன்று இல்லை.)

10 சாம்பியன்களில் 9 பேரைப் பிடித்துவிடும். மீதி 9,990 பேரில் 10 சதவீதம், அதாவது 999 பேரையும் "சாம்பியன்" என்று தவறாகச் சொல்லும். ஆக "பாசிட்டிவ்" வந்தவர்கள் 1,008 பேர். உண்மையான சாம்பியன்கள் 9 பேர். நூற்றுக்கு ஒருத்தர்கூட இல்லை!

12/
ஒரு அரசாங்கத்துக்கு இது லாபம். 9 பதக்கம் கிடைத்தது, 999 பேரை வீட்டுக்கு அனுப்பினால் போயிற்று.

உங்களுக்கு? உங்களிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ பிள்ளைகள். அந்த 999-ல் உங்கள் பிள்ளை இருந்தால், இழந்த படிப்பும் விளையாட வேண்டிய வயசும் உங்கள் வீட்டுக் கணக்கில்தான் வரும்.

நாடு செய்ததை வீடு செய்யக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

13/
சரி, டெஸ்ட் ஏன் தப்புகிறது? முதல் காரணம், வளர்ச்சி.

பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும், பையன்கள் சுமார் 14 வயதிலும் வேகமாக உயர்வார்கள். இது சராசரி மட்டும்தான். ஒரே வகுப்பில் 13 வயதுப் பையன்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒருவனுடைய எலும்பு வயது 11 இருக்கும், இன்னொருவனுக்கு 15 இருக்கும். முன்னால் வளர்ந்தவன் வேகமாக ஓடுவான், தூரம் எறிவான். நாம் "திறமை" என்போம். அது சீக்கிரம் வந்த மீசையாகக்கூட இருக்கலாம். மற்றவன் 17 வயதில் அவனைத் தாண்டலாம்.

14/
இரண்டாவது, பிறந்த மாதம். கேலி இல்லை, நிஜம்.

1980-களில் கனடா உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவர் குழுவினரும் அந்நாட்டு ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்தார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். காரணம், அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்பட்டது. ஜனவரியில் பிறந்த பிள்ளை டிசம்பர் பிள்ளையைவிட 11 மாதம் பெரியவன். 8 வயதில் 11 மாதம் என்பது பெரிய வித்தியாசம்.

பெரியவன் செலக்ட் ஆகிறான். நல்ல கோச், அதிக மேட்ச் கிடைக்கிறது. அதனால் நிஜமாகவே சிறந்தவன் ஆகிறான். கணிப்பு தன்னைத்தானே பலிக்க வைத்துக்கொள்கிறது. கிழக்கு ஜெர்மனியின் அளவுகோலுக்கும் நம்ம ஊர் செலக்‌ஷனுக்கும் இந்த ஆபத்து பொது.

15/
இங்கிலாந்தில் கால்பந்து வயதுப் பிரிவு செப்டம்பரில் தொடங்கும். ஜூலை 28-ல் பிறந்த ஒரு பையன் தன் பிரிவில் கிட்டத்தட்ட கடைக்குட்டி. சின்ன வயதில் ஆர்சனல் அகாடமியில் ஒரு சீசன் இருந்தான். கொஞ்சம் குண்டு, அவ்வளவு துடிப்பு இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அவர் பெயர் ஹாரி கேன். இங்கிலாந்துக்காக அதிக கோல் அடித்தவர்.

ஆர்சனல் கோச்சுகள் முட்டாள்கள் இல்லை. 8, 9 வயதில் அவர்கள் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

16/
"அதெல்லாம் பழசு டாக்டர், இப்ப டி.என்.ஏ. டெஸ்ட் இருக்கே?"

2003-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஏ.சி.டி.என்.3 என்ற ஜீனைப் பற்றி முக்கியமான ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேகத்துக்கான தசை நார்களில் ஒரு புரதத்தை உருவாக்கும் ஜீன் அது. உயர்மட்ட வேக ஓட்டக்காரர்களில், அந்தப் புரதம் இல்லாதவர்கள் மிக அரிது. 2008-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு நிறுவனம் 149 டாலருக்குக் குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட்டை விற்கத் தொடங்கிவிட்டது.

ஆனால் அந்தப் புரதம் இல்லாமலேயே இரண்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட ஸ்பெயின் நீளம் தாண்டுதல் வீரர் ஒருவரை 2007-லேயே மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். மறுபக்கம், உலகத்தில் கோடிக்கணக்கானோருக்கு "வேக" ஜீன் இருக்கிறது. எல்லோரும் உசைன் போல்ட் ஆகிவிடவில்லை.

17/
2015-ல் இந்தத் துறை நிபுணர்கள் கூடி, பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் பொது அறிக்கை வெளியிட்டார்கள். சாரம் இதுதான்: திறமையைக் கண்டுபிடிக்கவோ பயிற்சியை மாற்றவோ எந்தக் குழந்தைக்கும் இந்த வணிக ஜீன் டெஸ்ட்டைச் செய்யக் கூடாது.

அந்தக் காசுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்க.

18/
அப்போ கணிக்கவே முடியாதா? முடியும். வளர்ச்சி முடிந்த பிறகு, உடல் அளவு முக்கியமான விளையாட்டுகளில் ஓரளவு முடியும்.

2007-ல் பிரிட்டன் உயரமான இளைஞர்களைத் தேடியது. 16 முதல் 25 வயது, பெண்களுக்கு 180 செ.மீ. உயரம் வேண்டும். ஹெலன் குளோவர் என்ற 21 வயதுப் பெண் நுனிக்காலில் நின்று உயரத்தைச் சமாளித்தார். அதுவரை ஹாக்கி, ஓட்டம் என்று இருந்தவர். 2008-ல்தான் துடுப்புப் படகு கற்கத் தொடங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம், 2016-ல் மறுபடியும் தங்கம்.

20 வயதைத் தாண்டித் தொடங்கியும் தங்கம் வாங்க முடிகிறது. 7 வயதில் தேர்வாகாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் இவரைச் சொல்லுங்கள்.

19/
2022-ல் ஆர்னே கியூலிச் குழுவினர் 6,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் தகவல்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். சிறுவயதிலேயே ஜெயித்தவர்கள் சீக்கிரம் தொடங்கி, ஒரே விளையாட்டில் மூழ்கியவர்கள். ஆனால் பெரியவர்களாகி உலகத் தரத்தைத் தொட்டவர்கள் நேர்மாறு. சிறுவயதில் பல விளையாட்டுகள் ஆடியவர்கள், தங்கள் முக்கிய விளையாட்டைத் தாமதமாகத் தொடங்கியவர்கள், ஆரம்பத்தில் மெதுவாக முன்னேறியவர்கள்.

அண்டர்-12 கோப்பைக்குப் போகிற வழி வேறு, ஒலிம்பிக்குக்குப் போகிற வழி வேறு.

20/
நடைமுறையில் என்ன செய்யலாம்?

• 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் அடைக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதைத்தான் சொல்கிறது.
• வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு.
• 10 முதல் 14 வயதில் குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே வலி என்றால் "சோம்பேறித்தனம்" என்று விடாதீர்கள். வளர்ச்சித் தட்டில் அதிக அழுத்தம் விழுகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். காட்டுங்க.
• பெண் பிள்ளைக்குத் தீவிரப் பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோனால் கட்டாயம் டாக்டரைப் பாருங்க.
• கோச்சோ வேறு யாரோ பெயர் தெரியாத பவுடர், மாத்திரை, ஊசி கொடுத்தால் வேண்டவே வேண்டாம். "வைட்டமின்" என்ற சொல்லின் வரலாற்றை மேலே படித்தீர்கள்.

21/
ஒரு அரசாங்கம் பள்ளிகள், மருத்துவர்கள், ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தது. அதனாலேயே பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கணித்து மட்டும் ஜெயிக்க முடியவில்லை, மாத்திரை தேவைப்பட்டது. ஒரு நாள் செலக்‌ஷனோ, எச்சிலை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்டோ அதைச் செய்துவிடும் என்று நம்பாதீர்கள்.

உங்கள் பிள்ளை நாளைக்கும் மைதானத்துக்குப் போக ஆசைப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த ஆசை அணையாமல் இருந்தால், 16 வயதில் திறமை வந்து நிற்க ஒரு இடம் இருக்கும். பதக்கம் வராவிட்டாலும் நல்ல இதயமும் உறுதியான எலும்பும் மிஞ்சும். டாக்டராக எனக்கு அதுவே போதும்.

பிள்ளைகளை கோச்சிங்கில் சேர்க்கும் நண்பர்களுக்குப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டியூட்டி முடிந்ததும் பதில் போடுகிறேன்.