மாதிரிப் பந்தயப் படகுகள்: எஞ்சினும் எரிபொருளும்

1930களில் மாதிரிப் படகுகளை ஓட்டிய சிறு பெட்ரோல் எஞ்சின்கள் பேட்டரியையும் காயிலையும் சுமந்தே சென்றன. 1947-இல் அமெரிக்கர் ரே ஆர்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் அந்தச் சுமையை நீக்கியது. அதன் பிளாட்டினக் கம்பிச்சுருளைத் தொடக்கத்தில் மட்டும் பேட்டரியால் சூடாக்கினால் போதும். பிறகு எரிதலின் வெப்பமும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தோடு புரியும் வினையும் சுருளைத் தணலாகவே வைத்திருக்கும்.

இதனால் மெத்தனால் அடிப்படை எரிபொருளானது. முதல் உலகப்போர்க்கால விமான எஞ்சின்களில் பயன்பட்ட விளக்கெண்ணெய், உயவுக்காக அதில் சேர்ந்தது. வேகத்துக்கு நைட்ரோமீத்தேன் வந்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரியச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோவே போதும். எனவே அதே அளவு காற்றில் கூடுதல் எரிபொருள் எரிந்து திறன் உயர்ந்தது.

புது எஞ்சினைப் பழக்கும் முறையும் உலோகத்தோடு மாறியது. இரும்பு பிஸ்டன் எஞ்சின்களை எரிபொருள் மிகுந்த கலவையில், குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் ஓட்டினர். அலுமினிய பிஸ்டனும் குரோமியம் பூசிய பித்தளை உருளையும் கொண்டவை பின்னர் பரவின. அந்த உருளை மேல்முனையில் குறுகலானது. சூடேறி விரிந்தால்தான் பிஸ்டனுக்குச் சரியாகப் பொருந்தும். படகில் குளிர்நீர் எஞ்சின் தலையை விரைவில் ஆற்றிவிடும் என்பதால், பழக்கும்போது நீரோட்டத்தைக் குறைத்து, உரிய வெப்பத்தில் சிறுசிறு ஓட்டங்களாக ஓட்டி, இடையிடையே ஆறவிடுவது வழக்கமாயிற்று.

மெத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். அதனால் ஒவ்வொரு நாளின் ஓட்டமும் எஞ்சினுக்குள் எண்ணெய் விடுவதோடு முடிகிறது.