மின்மாற்றியின் எண்ணெயும் வாரன் மாவட்டத்து மக்களும்

அமெரிக்க நகர்ப்புறங்களிலே வீட்டு முற்றத்தின் ஓரமாக, கொங்கிறீற்றுத் தளமொன்றின்மேல், பச்சை வர்ணம் பூசிய இரும்புப் பெட்டியொன்று நிற்பதைப் படங்களிற் கண்டிருப்போம். நிலத்தடி வடங்களின் வழியே வரும் ஆயிரக்கணக்கான வோல்ற்று மின்னை வீட்டுப் பாவனைக்குரிய அளவுக்குத் தாழ்த்தும் மின்மாற்றி அது. நமது நாட்டிலே கம்பத்தின் உச்சியில் ஏறியிருப்பது அங்கே தரையில் இறங்கி நிற்கிறது. அதனை நிறுவுவோர் மண்ணை இறுக்கித் தளத்தின் மட்டம் பார்ப்பர், பெட்டியை நிலத்தோடு கம்பியால் இணைப்பர், கதவைப் பூட்டுவர், உள்ளேயுள்ள இணைப்புகளை நீண்ட மின்காப்புக் கோலினாலேயே கழற்றுவர். இவையெல்லாம் மின்னைக் கருதிய காப்புகள். அப்பெட்டியின் வயிற்றிலே நிறைந்திருக்கும் எண்ணெய்க்கு வேறொரு வரலாறு உண்டு.

மின்மாற்றியின் பிறப்பை எழுதுவோர், 1885 இல் புடாபெஸ்ற் நகரின் கான்ஸ் தொழிற்சாலையிலே சிப்பர்னோவ்ஸ்கி, பிளாதி, டேரி என்னும் மூவர் செய்த சாதனத்தையும், அடுத்த ஆண்டில் வில்லியம் ஸ்ரான்லி கிறேற் பரிங்ரன் என்ற சிற்றூரின் கடைகளுக்கு விளக்கேற்றியதையும் தவறாது குறிப்பிடுவர். பாடசாலைப் படங்களிலும் இரும்பகமும் இரு சுருள்களுமே உண்டு, எண்ணெய் இல்லை. ஆனால் சாதனம் பெருக்கப் பெருக்கச் சுருள்கள் சூடேறின. சூட்டை வெளிச்சுவருக்குக் கடத்தவும் மின்னைக் காக்கவும் கனிய எண்ணெய் வேண்டப்பட்டது. அந்த எண்ணெயோ தீப்பற்றக்கூடியது. மாடிக் கட்டிடங்களுக்குள்ளும் தொழிற்சாலைகளுக்குள்ளும் மின்மாற்றியை வைக்க அஞ்சியவர்களுக்கு, 1929 முதல் அலபாமா மாநிலத்து அனிஸ்ரன் நகரில் உற்பத்தியான குளோரீனேற்றிய திரவமொன்று வரப்பிரசாதமாக வாய்த்தது. பி.சி.பி. என்று சுருக்கமாக வழங்கும் அத்திரவம் எளிதில் எரியாது. எளிதிற் சிதையவும் சிதையாது.

பொறியியலாளன் போற்றிய அந்தச் சிதையாத் தன்மையே கேடாக முடிந்தது. இவ்வகைச் சேர்மங்கள் ஈரலைத் தாக்குவன என்று 1937 இலேயே ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் எழுதினர். 1966 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி சோரன் ஜென்சன் மீனிலும் கழுகிலும் அதனைக் கண்டார். 1968 இல் மேற்கு யப்பானில் தவிட்டெண்ணெயில் அது கலந்ததால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அமெரிக்காவில் 1976 இல் சட்டம் பிறந்தது. 1979 இல் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. முதல் எச்சரிக்கைக்கும் தடைக்கும் இடையே கழிந்தவை 42 ஆண்டுகள். அறியாமையினால் நேர்ந்த தாமதம் என்று இதனை நம்மால் ஏற்க முடியவில்லை.

சட்டம் வந்ததும் இன்னொரு சிக்கல் எழுந்தது. கனிய எண்ணெய் நிரப்பிய மின்மாற்றிகளிலும், ஒரே குழாயையும் பம்பியையும் இரண்டுக்கும் பயன்படுத்திய காரணத்தால், இந்நஞ்சு கலந்திருந்தது. கழிவெண்ணெயை முறைப்படி அழிப்பது செலவுமிக்க காரியமாயிற்று. 1978 ஆம் ஆண்டுக் கோடையில் வட கரோலினா மாநிலத்திலே, மின்மாற்றி வணிகம் செய்த ஒரு நிறுவனத்தின் கழிவெண்ணெய் இரவோடிரவாக லொறியிலிருந்து வீதியோரங்களில் ஊற்றப்பட்டது. 14 மாவட்டங்கள், ஏறத்தாழ 240 மைல் நீளம், சுமார் 31,000 கலன் எண்ணெய். குற்றவாளிகள் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டனர். நஞ்சேறிய மண்ணை எங்கே புதைப்பது?

அரசு தெரிந்தெடுத்த இடம் வாரன் மாவட்டத்து அப்ரன் என்னும் ஊர். மாநிலத்தின் மிக வறிய மாவட்டங்களுள் ஒன்று அது. மக்களிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். பலரும் கிணற்று நீரை உண்போர். நஞ்சுக் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் 50 அடி இடைவெளி வேண்டுமென்ற விதியிலிருந்து அவ்விடத்துக்கு விலக்களிக்கப்பட்டது. மண்ணின் இயல்பை ஆராய்ந்து செய்த தெரிவு இதுவென எவ்வாறு கூறுவது? (சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியை அறிந்த நமக்கு, அங்கே கலந்தது வேறு எண்ணெயேயாயினும், அம்மக்களின் அச்சத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.)

மக்கள் நீதிமன்றம் சென்றனர், பயனில்லை. 1982 செப்ரெம்பர் 15 இல் முதல் லொறிகள் மண்ணேற்றி வந்தபோது அவர்கள் வீதியை மறித்து நின்றனர். சிலர் சக்கரங்களின் முன்னே படுத்தனர். போதகரும் கமக்காரரும், தாய்மாரும் பிள்ளைகளும், கறுப்பினத்தவரோடு வெள்ளையரும் சேர்ந்து நின்ற கூட்டம் அது. ஆறு வாரங்களில் 500 க்கு மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுள் வோல்ரர் போன்ரோய் என்ற காங்கிரஸ் பிரதிநிதியும் ஒருவர். லொறிகள் நிற்கவில்லை. குழி நிரம்பியது.

போராட்டம் தோற்றதாகவே அன்று தோன்றியிருக்கும். எனினும் போன்ரோய் முதலானோர் கேட்டதன்மேல் 1983 இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்த நான்கு பெரிய நஞ்சுக் குழிகளை ஆராய்ந்தது. மூன்றின் அயலில் வாழ்ந்தோரிற் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர் எனக் கண்டது. 1987 இல் ஒரு திருச்சபை நாடு முழுவதையும் கணக்கிட்டு, கழிவு எங்கே சேருகிறது என்பதை முன்னறிய வருமானத்தைவிட இனமே வலிய அடையாளம் என்று காட்டியது. சூழல் நீதி என்ற சொல் அரசியலுக்குள் வந்த பாதை இதுதான். 1994 இல் ஜனாதிபதி கிளின்ரன் அதனை நிர்வாக ஆணையாக்கினார். 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் அவ்வாணையை நீக்கினார்.

நம் நாடும் இவ்வரலாற்றுக்கு வெளியே நிற்கவில்லை. இந்நஞ்சு கலந்த சாதனங்களின் பாவனையை 2025 க்குள் நிறுத்தவும், கழிவை 2028 க்குள் தீங்கற்ற முறையில் அகற்றவும் இலக்கு வகுத்த ஸ்ரொக்கோம் உடன்படிக்கையை இலங்கை 2005 இல் ஏற்றது. பழைய மின்மாற்றிகளின் எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வி நமது ஊர்களுக்கும் உரியது.

அப்ரனிலோ, பாதுகாப்பானதென்று வாக்களிக்கப்பட்ட குழிக்குள் நீர் தேங்கியிருப்பது 1993 இல் வெளிப்பட்டது. சுத்திகரித்துத் தருவோமென்று அரசு முன்பு அளித்த வாக்கை ஊர்மக்கள் விடாது நினைவூட்டினர். மண் முழுவதும் அகழப்பட்டு, வெப்பத்தால் நஞ்சு நீக்கப்பட்டு, 2003 இறுதியில் வேலை முடிந்தது. செலவு சுமார் ஒரு கோடி 80 இலட்சம் டொலர். அதனைச் செலுத்தியது பொதுமக்களின் திறைசேரி.