மேடுதான் மோட்டார்!

அடைமழை. உங்கள் பேஸ்மென்ட்டில் முழங்கால் தண்ணீர். சம்ப் மோட்டாரோ ‘உர்ர்’ என்று உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் வருவதற்குள் தஞ்சாவூர் வரை போய் வரலாம், வாருங்கள்!

நாயக்கர்கள் ஆண்ட காலம். மழைநீர் முதலில் மேட்டிலிருந்த செவ்வப்ப நாயக்கன் ஏரியில் தேங்கும். வண்டல் அடியில் தங்கிவிட, தெளிந்த நீர் பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து ‘ஜலசூத்திரம்’ என்கிற நிலத்தடிப் பாதையில் மேல வீதி ஐயன் குளத்துக்கு. மோட்டார்? மேடு பள்ளம்தான்!

பிற்பாடு பாதை அடைபட்டது. குளம் காய்ந்தது. 2020-களின் தொடக்கத்தில் தூர் வாரிய பிறகுதான் மறுபடி தண்ணீர் வந்தது.

உங்கள் மோட்டாரும் அதைத்தான் கேட்கிறது. உறுமினால், உள்ளே சுழலும் சக்கரத்தில் சேறு. தானாக ஓடாவிட்டால், மிதவை சிக்கியிருக்கும். ஏற்றிய நீர் திரும்பி வந்தால், ஒருவழி வால்வு போச்சு. மெயினை அணைத்த பிறகே கை வையுங்கள். ஐப்பசிக்கு முன்பே தூர் வாருங்கள்!