புலம்பெயர் பறவைகளும் இடைத்தங்கு நிலங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

புலம்பெயர் பறவைகளைப் பற்றி ஆராயப் புகுந்தோர் நெடுங்காலமாக இரு வினாக்களையே எழுப்பி வந்தனர். அவை எங்கிருந்து வருகின்றன? எங்குச் செல்கின்றன? புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் நடுவே அவை இறங்கி இளைப்பாறும் நிலங்கள் பற்றிய வினா மிகப் பிந்தியே எழுந்தது. எனினும், ஒரு பறவையினத்தின் வாழ்வும் தாழ்வும் அவ்விடைநிலங்களிலே பெரிதும் தங்கியுள்ளன என்பதைக் கடந்த அரை நூற்றாண்டுக்கால அனுபவம் உணர்த்தியுள்ளது. இவ்வறிவு வளர்ந்தவாற்றையும், அதனைச் சட்டமும் ஆட்சியும் எவ்வளவுக்கு ஏற்றுக்கொண்டன என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலக்கியம் இவ்வகையில் நமக்கு ஒரு வியத்தகு சான்றைத் தருகின்றது. புறநானூற்றின் 67ஆம் பாடலில் பிசிராந்தையார், குமரிக் கடலில் இரைதேர்ந்து வடமலை நோக்கிப் பறக்கும் அன்னச் சேவலை விளித்து, இடையே சோழநாட்டில் இறங்கின் கோழியூரிலுள்ள கோப்பெருஞ்சோழனிடம் தம் பெயரைக் கூறுமாறு வேண்டுகின்றார். பிற்காலத்தவரான சத்திமுத்தப் புலவரும், தென்றிசைக் குமரியாடி வடதிசைக்கு ஏகும் நாரையிடம், தம்மூர்க் குளத்திலே தங்கித் தம் மனைவிக்குத் தூதுரைக்குமாறு இரக்கின்றார். இப்பாடல்களிற் சுட்டப்படும் பறவை எவ்வினத்தது என்னும் ஆராய்ச்சி ஈண்டு வேண்டுவதன்று. இரு பாடல்களிலும் தூது செல்லும் பறவையின் பயணம் தெற்கு வடக்காக அமைந்துள்ளது. தூது நிறைவேறுவதோ இடையிலுள்ள ஓரூரில் அப்பறவை இறங்குவதனாலேயே ஆகும். நீள்வழிப் பறவை நடுவழியில் நீர்நிலை நாடி இறங்கும் என்பதை இப்புலவர்கள் இயல்பான செய்தியாகவே கொண்டிருந்தனர் என்பது தெளிவு.

மேலைநாட்டில் இவ்விடயம் வேறு வகையாக வளர்ந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில், கொக்கினங்கள் சித்திய நாட்டுச் சமவெளிகளிலிருந்து நைல் நதி தோன்றும் சதுப்பு நிலங்களுக்குச் செல்வதை அறிந்திருந்தார். ஆயினும் தகைவிலான் குருவிகளுட் சில இறகுதிர்த்து மரப்பொந்துகளிலும் குழிகளிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழிக்கும் என அவர் எழுதியமை, பல நூற்றாண்டுகளாக அறிஞர் கருத்தை ஆட்கொண்டது. 1822இல் ஜேர்மனியின் மெக்லன்பேர்க் பகுதியில் ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவியிருந்த வேல் ஆபிரிக்க மரத்தாலானது. குளிர்காலத்தில் நாரைகள் எங்குச் செல்கின்றன என்பதற்கு அவ்வேலே சாட்சியாயிற்று. றொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் அப்பறவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றது.

தற்செயலாகக் கிடைத்த இத்தகைய சான்றை முறையான ஆய்வாக மாற்றியவர் டென்மார்க்கைச் சேர்ந்த மோர்ட்டென்சன் என்னும் ஆசிரியராவார். 1899இல் அவர் மைனா இனத்தைச் சேர்ந்த பறவைகளின் கால்களில் முகவரி பொறித்த அலுமினிய வளையங்களை அணிவித்துப் பறக்கவிட்டார். 1901இல் பால்ட்டிக் கடலோரத்து றொசிற்றென் என்னுமிடத்தில் தீனெமான் ஒரு பறவை ஆய்வு நிலையத்தை நிறுவினார். எனினும் வளைய முறைக்கு ஓர் எல்லை உண்டு. அணிவித்த இடத்தையும் மீளக் கண்டெடுத்த இடத்தையும் மட்டுமே அது அறிவிக்கும். இடைவழி இருளிலேயே கிடக்கும்.

அவ்விருளை நீக்கியது செய்மதித் தொழினுட்பமாகும். 2007இல் நியூசிலாந்தில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட மூக்கன் இனப் பறவையொன்று, 10,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை இடையறாது பறந்து, சீனாவின் மஞ்சட் கடற்கரையிலுள்ள சேற்றுநிலத்தில் இறங்கிற்று. அங்குச் சில வாரங்கள் உண்டு கொழுத்த பின்னரே அது இனப்பெருக்கத்தின்பொருட்டு அலாஸ்காவை அடைந்தது. பின்பு அங்கிருந்து பசுபிக் சமுத்திரத்தைக் குறுக்கறுத்து, 11,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஏறத்தாழ எட்டு நாட்களில் ஒரே மூச்சிற் கடந்து நியூசிலாந்துக்கு மீண்டது. இப்பயணத்தின் எரிபொருள் உடலிற் சேமிக்கப்பட்ட கொழுப்பேயாகும். எனவே இடைத்தங்கு நிலத்தில் இரை குன்றுமாயின், அந்நட்டத்தை ஈடுசெய்யப் பறவைக்கு வேறு வழி அரிது.

இனி, சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். 1916இல் ஐக்கிய அமெரிக்காவும், கனடாவின் சார்பிற் பிரித்தானியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, புலம்பெயர் பறவைகளைக் கட்டற்ற வேட்டையிலிருந்து காக்க முயன்றது. அக்காலத்திற் பறவையின் பகை துப்பாக்கியே எனக் கருதப்பட்டது. 1971இல் ஈரானின் றம்சார் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கையே ஈரநிலங்களின் பாதுகாப்பைச் சர்வதேசக் கடப்பாடாக்கியது. பறவையைக் காத்தல் என்பது நிலத்தைக் காத்தலாக விரிவுற்ற திருப்பம் இதுவாகும்.

எனினும் அத்திருப்பம் முழுமையடையவில்லை. றம்சார் உடன்படிக்கையில் இணைந்திருந்த தென்கொரியாவின் சேமங்கியம் பகுதியில், 33 கிலோமீற்றர் நீளமான கடலணையொன்று 2006இல் இரு ஆறுகளின் கழிமுகத்தை அடைத்தது. ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் பரப்பு கடலினின்றும் பிரிக்கப்பட்டது. அங்குத் தங்கிச் சென்ற பறவைகள் அயலிலுள்ள வேறு கரைகளுக்குச் செல்லும் என ஆறுதல் கூறினோரும் உளர். ஆனால், சைபீரியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே பயணஞ்செய்யும் உள்ளான் இனமொன்றின் தொகை அங்குப் பெரிதும் வீழ்ந்தபோது, கொரியாவின் ஏனைய கரைகளில் அதற்கீடான பெருக்கம் காணப்படவில்லை. அவுஸ்திரேலியக் கரைகளிலும் அதன் தொகை குன்றிற்று. ஒரு நாட்டின் அணை, அதனைக் கண்டிராத பிறிதொரு நாட்டின் கரையை வெறுமையாக்கியது.

இலங்கையின் அனுபவமும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1990இல் இந்நாட்டின் முதலாவது றம்சார் நிலமாகப் பூந்தல பிரகடனப்படுத்தப்பட்டது; 1993இல் அது தேசிய பூங்காவாயிற்று. அங்கு வேட்டை தடுக்கப்பட்டது, எல்லையும் வகுக்கப்பட்டது. ஆனால், 1980களில் உருவான கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல ஆகிய களப்புகளிற் கலந்து அவற்றின் உவர்த்தன்மையைக் குறைத்தது. உவர்நீரில் வாழும் சிற்றுயிர்களை உண்ணும் பூநாரைகள் முன்போற் பெருங்கூட்டமாக அங்கு வருவது அருகிப்போயிற்று. உழவனுக்கு நீர் வழங்கியது குற்றமன்று. வரைபடத்தில் இட்ட எல்லைக்கோடு நீரைத் தடுக்கமாட்டாது என்பதை முன்கூட்டிக் கணிக்காமையே குறையாகும்.

இப்பாடம் இன்று மன்னாருக்குப் பொருந்துகின்றது. இந்தியத் துணைக்கண்டத்தின் வழியே தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்கு மன்னார்த்தீவும் அதன் அயலிலுள்ள களப்புகளும் முதன்மையான நுழைவாயிலாகும். வங்காலை 2008இற் சரணாலயமாகவும் 2010இல் றம்சார் நிலமாகவும் ஏற்கப்பட்டது. மன்னார்த்தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட மின்நிலையம் 2020இன் இறுதியிற் செயற்படத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து திட்டமிடப்பட்ட மற்றொரு பெருந்திட்டம் பறவைகளின் வான்வழியைப் பாதிக்கும் என்ற வாதம் 2024இல் நீதிமன்றம் வரை சென்றது. 2025 பெப்ரவரியில் அத்திட்டத்தினின்றும் முதலீட்டு நிறுவனம் விலகிக்கொண்டது. புகையற்ற மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே. ஆனால் பறவையின் வழி காற்றின் வழியோடு ஒன்றியிருக்கும் ஓரிடத்தில், எதை எங்கு நிறுவுவது என்ற வினாவைத் திட்டம் வகுக்குமுன் கேட்பதா, வகுத்தபின் கேட்பதா என்பதே சிக்கலாகும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பறவை எங்குச் செல்கின்றது என்னும் அறிவு வளர்ந்த வேகத்துக்கு, அது இறங்கும் நிலத்தைப் பேணும் பொறுப்பு வளரவில்லை. சேமங்கியத்திலும் பூந்தலவிலும் பறவையைக் கொல்ல எவரும் எண்ணவில்லை. அதனை எண்ணாது செயற்பட்டதே இழப்பை விளைத்தது. இழந்தபின் ஆராயும் நிலை மன்னாருக்கு நேராதிருக்க வேண்டுமாயின், அங்கு எடுக்கப்படும் ஒவ்வொரு முடிவிலும் பருவந்தோறும் கடல் கடந்து வரும் இவ்விருந்தினர் பற்றிய கணக்கும் முதலிலேயே இடம்பெறல் வேண்டும். அக்கணக்கை ஆண்டுதோறும் எடுத்து முன்வைக்கும் பணியில் நமது பல்கலைக்கழகங்களுக்கும் உரிய பங்குண்டு.