தார்நாகாவின் மூன்று ஆய்வகங்கள்

ஐதராபாத்தின் தார்நாகாவிலும் ஹப்சிகுடாவிலுமாக, நடந்தே போய்விடும் தூரத்தில் மூன்று ஆய்வகங்கள். அவற்றில் மூத்தது நம் நீலகிரியில் பிறந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கியது அது. 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது.

இங்கே வந்ததும் அதன் முன் நின்றது சோளம். தக்காணத்தில் சோளரொட்டியே அன்றாட உணவாக இருந்த ஏழைக் கூலிகளுக்கு, நயாசின் வைட்டமின் குறைந்தால் வரும் பெல்லாக்ரா நோய் கண்டது. வெயில் படும் புறங்கைகள் கறுத்துச் செதிலுதிரும். கழுத்தில் மாலை போட்டாற்போல் கருவளையம் படரும். முற்றினால் வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம். மக்காச்சோளம் உண்போருக்கு இது வரும் என்பது உலகறிந்த செய்தி; உடல் நயாசினை உருவாக்கப் பயன்படுத்தும் டிரிப்டோஃபேன் அதில் குறைவு. சோளத்திலோ அந்தக் குறை அவ்வளவாக இல்லை. பிறகு ஏன்? சேலத்தில் பிறந்த சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் சொன்ன விடை: சோளத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிகுதி, அது உடலில் நயாசின் உருவாவதைக் கெடுக்கிறது. இதை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனாலும் லூசின் குறைந்த சோள ரகங்களைத் தேடலாம் என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. நோயாளியின் தோலில் எழுந்த கேள்வி, வேதியியல் வழியாக வயலுக்குப் போனது. இந்த வட்டார ஆய்வுகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

அடுத்தது இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமான ஐஐசிடி. 1944இல் நிஜாம் அரசு நிறுவிய ஆய்வகம். 1956இல் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆர் வசம் வந்தது. ஏ.வி. ராமா ராவ் இயக்குநராக இருந்த காலத்தில் எய்ட்ஸ் மருந்து ஏஇசட்டிக்கு இங்கே வகுத்த செய்முறையைக் கொண்டு சிப்லா மருந்து நிறுவனம் அதை மலிவாகத் தந்தது. இதன் உயிர்வேதியியல் பிரிவிலிருந்து 1977இல் கிளைத்ததே மூன்றாவது ஆய்வகம், பி.எம். பார்கவா நிறுவிய உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி.

சாம்பா மசூரி நெல்லை அறியாத ஆந்திர வீடு இல்லை. பாக்டீரியா இலைக்கருகல் தாக்கினால் அதன் இலை ஓரங்கள் அலையலையாக வெளுத்துக் காயும். சிசிஎம்பியும் ராஜேந்திரநகர் நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, மரபணு மாற்றம் செய்யாமல், டிஎன்ஏ குறியீடுகளைப் பார்த்துப் பார்த்துக் கலப்புச் செய்து மூன்று எதிர்ப்பு மரபணுக்களை அதில் சேர்த்தன. 2008இல் ரகம் வெளியானது. அதன் கிளைசெமிக் குறியீடு 51 அளவில்தான் என்பது பின்னர் தெரிந்தது. 55க்குக் கீழே என்றால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

செப்டம்பர் 26, சிஎஸ்ஐஆர் நிறுவன நாள். அதையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது சிசிஎம்பியின் வழக்கம். அனுமதிக்கும் தேதியை விசாரித்துக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.