கிராண்ட் பேங்க்ஸ் 36

ஹாங்காங்கில் அமெரிக்கன் மரைன் நிறுவனம் 1960களில் கட்டத் தொடங்கிய டிராலர் வகை உல்லாச விசைப்படகு. நீளம் சுமார் 36 அடி. 1973 வரை மரத்திலும் பின்னர் கண்ணாடியிழையிலும் செய்யப்பட்டது. 7, 8 நாட் வேகமே இதற்கு இயல்பு. மேலும் விரட்டினால் டீசல்தான் தீரும்.

பழைய படகை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது மேல்தளத்துத் தேக்குப் பலகை. திருகாணித் துளைகள் வழியே நீர் இறங்கி, கண்ணாடியிழைத் தளத்தின் உள்மரம் ஊறிப்போயிருக்கலாம். பளபளக்கும் வார்னிஷைப் பார்த்து ஏமாறக் கூடாது. சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே போனால், கெட்ட இடத்தில் ஓசை மந்தமாகக் கேட்கும்.

பல படகுகளில் உள்ள 120 குதிரைத்திறன் ஃபோர்டு லேமன் டீசல் எஞ்சின் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதன் எரிபொருள் பம்புக்குத் தனி எண்ணெய் உண்டு. அதை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் ஓர் இதழ் ஒடிந்திருந்தால், அந்தத் துண்டைத் தேடி எடுத்த பிறகே புதியதைப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் அது குளிர்விப்பானை அடைத்து எஞ்சினைச் சூடேற்றிவிடும். உலோகப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகக் கட்டிகளையும் பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும்.

ஒற்றை எஞ்சின் படகில் வலஞ்சுழி உந்துவிசிறி (புரொபெல்லர்) இருந்தால், பின்னோக்கி இயக்கும்போது படகின் பின்புறம் இடப்பக்கம் நகரும். எனவே இடப்பக்கமாகத் துறையில் அணைப்பதே எளிது.