மண்ணெண்ணெயில் ஓடின காரும் ஒரு சின்னப் பொறியும்

மண்ணெண்ணெயில் கார் ஓடின கதையைக் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆக்கள் குறைவு. எங்கட வயதுக்காரருக்கு அது அப்பாமாரும் மாமாமாரும் சொல்லுற கதை. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, வடக்குக்குப் பெற்றோல் வாறது நின்றுபோனது. பற்றரிக்கும் தடை. அந்த நேரம் ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. எப்படி எண்டு கேட்டால், “அது அந்தக் காலத்துக் கார், எதிலயும் ஓடும்” எண்டு பதில் வரும். கதை அதோட முடிஞ்சிடும்.

எதிலயும் ஓடாது. ஓட வைச்சவை. அதைத்தான் இங்க எழுத நினைச்சம்.

பதிலின் ஒரு பெரிய பங்கு எஞ்சினில் செருகியிருக்கிற டிஸ்ரிபியூட்டருக்குள்ள இருக்கு. பொயின்ற், கொயில், கண்டென்சர் மூண்டையும் சேர்த்துப் பொறி எடுக்கிற முறையை அமெரிக்காவில் சார்ல்ஸ் கெற்றரிங் 1910 அளவில் கடிலாக் காருக்காகச் செய்தார். அடுத்த அறுபது வருசம் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை அந்த வழியிலதான் ஓடின. ஒஸ்ரினுக்கும் மொறிஸுக்கும் டிஸ்ரிபியூட்டர் குடுத்தது பேர்மிங்காமின் லூக்காஸ் கொம்பனி.

வேலை லேசானதில்லை. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிசத்துக்கு 3000 சுற்று சுற்றினால், பொயின்ற் செக்கனுக்கு 100 தரம் திறந்து மூட வேணும். பொயின்ற் இடைவெளியோ அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு மட்டும்தான். அந்த வேகத்தில் ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள்ள கிராங் 18 பாகை திரும்பிவிடும். எரிபொருள் எரியவும் நேரம் வேணும் தானே. அதால பிஸ்டன் உச்சிக்கு வர முதலே பொறி விழ வேணும். வேகம் கூடக் கூட இன்னும் முந்தி விழ வேணும். இதைப் பார்க்கிறது உள்ளுக்க இருக்கிற இரண்டு சின்ன எடைகளும் சுருள்வில்லுகளும். வில்லுத் தளர்ந்தாலோ தண்டின் புஷ் தேய்ஞ்சாலோ கணக்குப் பிழைக்கும்.

இந்தப் பிழையைக் கண்ணால் காட்டத்தான் 1950களிலும் 60களிலும் மேற்கு நாட்டுப் பெரிய கராச்சுகளில் டிஸ்ரிபியூட்டர் மெசின் வைச்சிருந்தவை. சிக்காகோவின் சன், இங்கிலாந்தின் கிரிப்டன் எல்லாம் பேர்போன பெயர்கள். டிஸ்ரிபியூட்டரைக் கழற்றி மெசினில் பூட்டி மோட்டாரால் சுற்றுவினம். ஒவ்வொரு தரமும் பொயின்ற் திறக்க, பாகை குறிச்ச வளையத்தில் ஒரு வெளிச்சம் மின்னும். நாலு வெளிச்சமும் 90 பாகை இடைவெளியில் அசையாமல் நிண்டால் தண்டு நல்லம். நடுங்கினால் புஷ் போச்சு. வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் எத்தனை பாகை நகருது எண்டு பார்த்து வில்லை மாற்றலாம். பழைய கார் விரும்பிகள் இண்டைக்கும் அந்த மெசின்களைத் தேடி வாங்கித் திருத்தி வைச்சிருக்கினம்.

இப்ப 1990களின் யாழ்ப்பாணத்துக்கு வருவம். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலோட பார்க்க மிகக் குறைவு. பெற்றோலுக்கு வைச்ச ரைமிங்கில் அதை ஊற்றினால் எஞ்சின் ‘நொக்’ அடிக்கும், பிஸ்டன் உடையவும் கூடும். அதோட குளிர் எஞ்சினில் அது ஆவியாகாது. அதால கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேணும். ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ள வேணும். கூடத் தள்ளினால் இழுவை போய் எஞ்சின் கொதிக்கும்.

இதுக்கு மெசின் தேவையில்லை. ஒரு சின்ன பல்ப், இரண்டு வயர் போதும். பல்பை டிஸ்ரிபியூட்டருக்கும் பொடிக்கும் இடையில் குடுத்து, ஒரு போல்ற்றை இளக்கி மெல்லத் திருப்ப, பொயின்ற் திறக்கிற கணத்தில் பல்ப் எரியும். மிச்சம் காது. பாரம் ஏற்றி ஓட விட்டு, சத்தம் கேட்டுக் கேட்டுத் திருத்திறது. அந்தக் கார்களின் அமுக்க விகிதம் ஏழெட்டுக்கு மேல பெரிசாய்ப் போகாததும் கைகுடுத்தது. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதுக் கார் வாறது அருமை. அதால எங்கட மெக்கானிக்மார் அதே கார்களைப் பத்திருபது வருசம் கழற்றிப் பூட்டியிருந்தவை. தடை வர முதலே கை பழகியிருந்தது.

இதை “உலகத்திலயே இல்லாத கண்டுபிடிப்பு” எண்டு சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடுற பெர்குசன் ட்ராக்டரைப் பிரித்தானியக் கொம்பனியே செய்து வித்தது. மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள்ள இறங்கிப் பேரிங்கைத் தின்றதையும், பிளக் கரி பிடிச்சதையும், பின்னால வந்த சனம் புகையைக் குடிச்சதையும் மறக்கேலாது. அது வீரக்கதை இல்லை. வேறு வழி விடப்படாத சனம், வருத்தக்காரரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் செய்த வேலை.

ஆனால் அது அறிவு. ‘சமாளிப்பு’ எண்டு ஒரு சொல்லில் தள்ளிவிட்டால், அதைச் செய்த ஆக்களை வரலாற்றில் இருந்து வெளிய விட்டதாய்ப் போகும். தடை எத்தனை நாள் இருந்தது எண்டு அறிக்கைகளில் இருக்கு. எத்தனை பாகை பின்னுக்குத் தள்ளினது எண்டு அந்தக் கைகளுக்கு மட்டும்தான் தெரியும். அவை இப்ப எழுபது, எண்பது வயதில் இருக்கினம். உங்கட ஒழுங்கையிலும் ஒராள் இருக்கக்கூடும். போய்க் கேளுங்கோ, கேட்டதை எழுதி வையுங்கோ.